இடம் சொன்னவர் ஒருவர், தூரம் சொன்னவன் நான்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதன் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பெயர் எழுதத்தான். எங்கே எந்த ‘ர’ போடுவது என்று இன்னும் தடுமாறுகிறேன். பிழை இருந்தால் படிப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. திருகோணமலையில் இரண்டு தடவை மட்டும் பேசினேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ராமநாதபுரம் பக்கம். வண்டிப் பந்தயத்துக்கு ஓடும் குதிரைகளைக் கழுவி, தீனி போட்டு, பந்தய ஊருக்கு நடத்திக்கொண்டு போவது என் வேலை. குதிரைகள் வேறு ஆளுடையவை. என் மனைவி புஷ்பம் திருகோணமலையில் பிறந்தவள். சண்டைக்காலத்தில் படகில் வந்து மண்டபம் முகாமில் வளர்ந்தாள். அவளுடைய ஒரே அண்ணன் செல்வம், சண்டை ஓய்ந்ததும் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். அவள் என்னோடு இங்கேயே தங்கிவிட்டாள். அவளுடைய பயணத் தாள்கள் இன்னும் சரியாகவில்லை. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது போனில்தான்.

சித்திரைக்கு முன் செல்வம் மச்சான் கூப்பிட்டார். அவரிடம் ஒரு பெண் குதிரை உண்டு. கடற்கரையில் வெள்ளைக்காரர்களை ஏற்றி நடத்துவதும், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றுவதும் அவர் பிழைப்பு. வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு பந்தயம், வண்டிக் குதிரைக்குக் கண்ணோரம் கட்டுகிற தோல் மறைப்பு ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்து சேருங்கோ என்றார். புஷ்பம் எனக்கு முன்பே சரி என்று சொல்லிவிட்டாள். “அண்ணாவை வடிவாப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ. மெலிஞ்சிட்டாரோ எண்டு பாருங்கோ” என்றாள்.

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்தத் தோல் மறைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். குதிரைக்கு என்றேன். குதிரை எங்கே என்றார். திருகோணமலையில் என்றேன். அவர் அதைத் தன் கண்ணோரம் வைத்துப் பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பஸ் ஹபரணை தாண்டிக் காட்டுக்குள் நின்றுவிட்டது. எங்கள் ஊர் என்றால் எல்லோரும் கண்டக்டரைப் பிடித்துக் கத்துவார்கள். இங்கே யாரும் கத்தவில்லை. இறங்கி நிழலில் உட்கார்ந்தார்கள், ஒருவர் சோற்றுப் பார்சலை அவிழ்த்தார். சிங்களத்தில் ஒரு அம்மா என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த பையன் தமிழில் சொன்னான்: “யானை வந்தா ஓட வேண்டாமாம். பஸ்ஸுக்குள்ள ஏறட்டாம். ஓடுற ஆளைத்தான் அது பாக்குமாம்.” யானை வரவில்லை. வேறு பஸ் வரப் பொழுது சாய்ந்துவிட்டது.

அதனால்தான் எல்லாம் ஆயிற்று என்று சில நாள் தோன்றுகிறது. நேரத்துக்குப் போயிருந்தால் முதலில் வீட்டுக்குப் போயிருப்பேன், குதிரையைப் பார்த்திருப்பேன். தாமதமானதால் செல்வம் மச்சான் தம்பலகாமம் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்து, என்னைப் பையோடு ஏற்றி, நேரே கிண்ணியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே பந்தயக்காரர்களின் கூட்டம். காற்றில் அவர் சட்டை பறந்தது. மெலிந்துதான் இருந்தார்.

கூட்டம் மஜீத் காக்காவின் நெல் ஆலையில். அவர் கிண்ணியாவில் பெரிய ஆள், போன வருடம் அவருடைய குதிரைதான் வென்றது. பத்துப் பதினைந்து நாற்காலி, அவர்கள் பேச்சில் கதிரை, போட்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு சட்டி எருமைத் தயிர், மேலே பாணி என்கிற வெல்லப்பாகு. எங்கள் ஊர்த் தயிரைச் சோற்றில் ஊற்றலாம். இதைக் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் வழக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன வருடம் வென்றவர் இந்த வருடம் ஓடும் இடத்தைச் சொல்வார். தூரத்தை மற்றவர்கள் சொல்வார்கள். ஒரே ஆள் இரண்டையும் தன் குதிரைக்குத் தோதாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் அப்படி. ஆனால் தூரம் எப்போதும் ஒன்றரை மைல்தான், இடமும் எப்போதும் கடற்கரைதான். இந்த வருடம் மஜீத் காக்கா இடத்தை மாற்றிவிட்டார்.

“கடற்கரை முடிஞ்சு போச்சு” என்றார். “ஓட்டல்காரன் கதிரை போட்ட இடம், வள்ளக்காரன் கயிறு கட்டின இடம் போக, குதிரைக்கு என்ன இரிக்கி? போன வருசம் ஒரு வெள்ளைக்காரப் புள்ள குறுக்க ஓடி வந்திச்சே, மறந்திட்டீங்களா? அல்லாஹ் காப்பாத்தினான். இந்த வருசம் கந்தளாய்ப் பக்கம் குளக்கட்டு.”

“குளக்கட்டு முக்கால் மைல் காக்கா” என்றார் செல்வம் மச்சான். “மிச்ச முக்காலை எங்க ஓடுறது? தண்ணிக்குள்ளயோ?”

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், “இந்தியாக்காரன்ர குதிரைக்கு மணல் இல்லாட்டி ஏலாது போல” என்றார். அதற்கும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

கந்தளாயிலிருந்து வந்திருந்த குணபால என்ற குதிரைக்காரர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, மஜீத் காக்கா தமிழில் சொன்னார்: “முக்கால் மைல் ஓடினா அது பந்தயம் இல்லையாம். பொண்டாட்டி உப்பு வாங்க அனுப்புற தூரமாம்.” தனக்கு எதிரான பேச்சையும் அவர் குறைக்காமல் சொன்னார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது அது.

பேச்சு கடற்கரைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஒன்றரை மைல் இல்லாமல் பந்தயம் இல்லை, குளக்கட்டில் ஒன்றரை மைல் இல்லை, ஆகவே திரும்பக் கடற்கரைதான். மச்சான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மஜீத் காக்காவின் கண் என் மேல் விழுந்தது.

“செல்வம், இவர் ஆரு? வந்த நேரம் தொட்டுத் தயிரத்தான் பாத்துக்கிட்டு இரிக்காரு.”

“தங்கச்சியின்ர புருசன். இந்தியாவில பந்தயக் குதிரை வளக்கிறவர்” என்றார் மச்சான். வளர்ப்பது நான் இல்லை, கழுவுவதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

“அப்ப செல்லுங்க மச்சான். உங்கட ஊரில ரோட்டு நீளம் பத்தாட்டி என்ன செய்யிற?”

எல்லாக் கதிரையும் என் பக்கம் திரும்பியது. எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள், மச்சானுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். “எங்க ஊர்ல நேரா மட்டும் ஓட மாட்டாங்க. கடைசியில ஒரு கொடிய நட்டுருவாங்க. அதச் சுத்தித் திரும்பி, கெளம்புன எடத்துக்கே வரணும். போக்கும் வரவும் சேர்ந்துதாங்க தூரம்.”

மஜீத் காக்கா தொடையில் தட்டினார். “அங்கால முக்கால், இங்கால முக்கால். ஒண்டரை சரியா வந்திச்சா இல்லையா?” குணபாலவுக்கு விரலால் போய்த் திரும்பிக் காட்டினார். அவரும் தலையாட்டினார். ஒன்றரை மைலை யாரும் மாற்றவில்லை, இடத்தையும் யாரும் பறிக்கவில்லை. கூட்டம் முடிந்தது. எனக்கு இன்னொரு சட்டி தயிர் வந்தது. மச்சானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியும்போது அவருடைய வீட்டுக்குப் பின்னால் குதிரையைப் பார்க்கப் போனேன். ராத்திரி அவர் மனைவி மல்லிகாக்கா இடியப்பமும் சொதியும் வைத்தார், மச்சான் என் பக்கம் திரும்பாமல் தின்றுவிட்டுப் படுத்திருந்தார். எனக்கிருந்த பயணக் களைப்பில்தான் அவருக்குக் கோபம் என்று தோன்றுகிறதோ என்று நினைத்தேன்.

குதிரைக்குப் பெயர் செம்பி. நுவரெலியாக் குதிரைப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பிறகு வாங்கியது. நல்ல நெஞ்சு, நல்ல குளம்பு. வலது பக்கமாகப் போய்க் கழுத்தில் கை வைத்தேன். நெருப்புப் பட்டது போல் உதறி, கழுத்தை முழுக்க வளைத்து இடது கண்ணால் என்னைப் பார்த்தது. வலது கண் தெளிவாகத்தான் இருந்தது. அதன் முன் கையைக் கொண்டுபோனேன், இமைக்கவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். இமைக்கவில்லை.

“ஓம்” என்றது பின்னால் மச்சானின் குரல். “மாரி மழைக்குப் பிறகு அப்பிடித்தான்.”

அவர் மகன் கஜன் தண்ணீர் வாளியோடு வந்து நின்றான். பத்தொன்பது வயது. பந்தயத்தில் செம்பி மேல் ஏறி ஓட்டப் போகிறவன் அவன்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

கடற்கரையில் பந்தயம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வலது பக்கம் முழுக்கக் கடல். அந்தப் பக்கத்திலிருந்து ஆளும் வராது, நாயும் வராது, அலைச்சத்தம் ஒரே சீராக இருக்கும். அந்தக் கண் போனது அதற்குத் தெரியவே வேண்டாம். குளக்கட்டில் போகும்போதும் அப்படியே, வலது பக்கம் குளத்துத் தண்ணீர். ஆனால் கொடியைச் சுற்றித் திரும்பினால் தண்ணீர் இடது பக்கம் வந்துவிடும். பார்க்க வந்த சனம் முழுக்கக் குருட்டுப் பக்கம். நான் சொல்லிக் கொடுத்த தூரம் அதுதான்.

“கூட்டத்துல சொல்லிருக்கலாமே மச்சான்” என்றேன்.

“சொன்னா அவளை ஓட விடாயினம். அதுக்குத்தான் மறைப்பு வேண்டி வரச் சொன்னனான். ரெண்டு பக்கமும் மூடினா ஒருத்தரும் கண்ணைப் பாக்கமாட்டினம்.” வாளியை வாங்கிக் கீழே வைத்தார். “மண்டபத்தில எங்களை அகதி எண்டாங்கள். இஞ்ச வந்தா இந்தியாக்காரன். துறைமுகத்தில மூட்டை சுமக்கேக்கயும் அந்தப் பேர்தான். போன வருசம் இவள் ரெண்டாவதா வந்தாப் பிறகு கொஞ்சப் பேர் செல்வம் எண்டு கூப்பிடுறாங்கள். இந்த வருசம் வெண்டால் அடுத்த வருசம் இடம் சொல்லுறது நான். விளங்குதோ?”

விளங்கியது.

“பயப்பிடாதேங்கோ மாமா” என்றான் கஜன். “அவளுக்கு வலக்கண் என்ர முழங்கால். நான் அமத்தினா அவளுக்குத் தெரியும்.”

அன்று பகலில் டவுனுக்குப் போனேன். பஸ் நிலையத்தில் மான்கள் திரிகின்றன. ஆடு மாதிரி வாழைப்பழத் தோலை நீட்டுபவர்களிடம் வருகின்றன, பிளாஸ்டிக் பையையும் தின்கின்றன. ஒரு கடையில் பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் வாங்கினேன். ஒரு மானுக்குக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை செம்பியைக் குளக்கட்டுக்குக் கொண்டுபோனோம், பழக்கிப் பார்க்க. இரவல் வாங்கிய சின்ன லொறி வழியில் டயர் வெடித்து நின்றது. குதிரையை இறக்கி, வெயிலில் மிச்சத் தூரம் நடத்தினோம். கட்டு நான் நினைத்ததை விட ஒடுக்கம். மேலே சரளைப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர் வரை அடுக்கிய கருங்கல், மறு பக்கம் சரிவு, கீழே வயல்.

போகும்போது செம்பி அழகாகப் போனது. கொடிக்குப் பதில் நான்தான் நின்றேன், என்னைச் சுற்றி நன்றாகத் திரும்பியது. திரும்பி வரும்போது கீழே வயலில் யாரோ கை உழவு இயந்திரத்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார்கள். குருட்டுப் பக்கத்திலிருந்து திடீரென்று சத்தம். செம்பி இடது பக்கம் துள்ளியது. பின்னங்கால் ஒன்று பாதையை விட்டுக் கல்லில் இறங்கியது. கஜன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். கல்லுக்குக் கீழே தண்ணீர். ஒருவழியாகக் காலை ஊன்றி மேலே வந்துவிட்டது. காலில் தோல் உரிந்திருந்தது. கஜன் சிரித்துக்கொண்டே இறங்கினான், அவன் உதடு வெளுத்திருந்தது.

“சத்தத்துக்குத்தான் வெருண்டது” என்றார் மச்சான். “காதுக்குப் பஞ்சு வைச்சாச் சரி.”

ஒரு பக்கம் கண்ணும் இல்லை, இனிக் காதும் இல்லை. நான் சொன்னேன், ஒருவர் மட்டும் எதிரில் இருந்தால் எனக்குப் பேச்சு வரும்: “வேண்டாம் மச்சான். இந்த வருசம் விட்ருவோம்.”

“நீர் வாய் திறந்து செய்தது போதும்” என்றார். அதுவரை நீங்கள் என்றுதான் பேசினார்.

வெள்ளிக்கிழமை புஷ்பம் கூப்பிட்டாள். அண்ணா எப்படி என்றாள். மெலிவுதான் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“கஜனுக்கு இப்ப எத்தினை வயசு?”

“பத்தொன்பது.”

“நான் முகாமை விட்டு உங்களோட வரேக்க அவன் தொட்டில்ல.” அவள் அழவில்லை. “அண்ணாவை விட்டா எனக்கு அங்க ஒருத்தரும் இல்லை, தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்ப நீங்களே பாத்துச் செய்யுங்கோ” என்று வைத்துவிட்டாள். எதைச் செய்யச் சொன்னாள் என்று நான் அவளிடம் இன்று வரை கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் எல்லாக் குதிரைக்காரர்களும் குளக்கட்டில் கூடினார்கள், யார் குதிரை எங்கே நிற்பது என்று சீட்டுப் போட. செம்பிக்குத் தோல் மறைப்பு கட்டியிருந்தது. பார்த்தவர்கள், இந்தியச் சாமான் வடிவாக இருக்கிறது என்றார்கள். கஜன் கொடியடியில் மற்றப் பையன்களோடு நின்று, யார் முதலில் திரும்புவது என்று கேலி பேசிக்கொண்டிருந்தான்.

நான் மஜீத் காக்காவிடம் போனேன். முதலில் காரணம் சொல்லாமல் முடிக்கப் பார்த்தேன். “தூரத்தக் கொறச்சிரலாங்களா? போக்கு மட்டும் போதும், திரும்ப வேணாம்.”

“என்ன மச்சான், நீங்கதானே செல்லித் தந்தீங்க? இப்ப எல்லாரும் ரெண்டு கிழமையா நித்திரையிலயும் திரும்பிக்கிட்டு இரிக்கிற மாதிரிக் கதைக்கிறானுகள்.” இரண்டு வாரம் எங்கே, நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “ஏன் வேணாம்? செல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சானும் பார்த்தார், மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. செம்பியின் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். “மச்சான் குதிரைக்கு வலது கண்ணு தெரியாதுங்க.”

மஜீத் காக்கா போய் மறைப்பை அவிழ்த்தார். கையை வலது கண்ணுக்குக் கொண்டுபோனார். நான் செய்தது போலவே இரண்டு தரம் செய்தார். பிறகு மறைப்பைச் செம்பியின் முதுகில் போட்டுவிட்டுத் திரும்பினார். அவர் குரல் உயரவே இல்லை.

“செல்வம், எங்களுக்கு ஏன் செல்லல்ல? செல்லியிருந்தா இந்த இடமே வேணாமெண்டு வெச்சிருப்பன். கட்டில உங்கட குதிரைக்குப் பக்கத்தில ஓடப் போறதும் எங்கட புள்ளயள்தானே?”

குணபால ஏதோ சொன்னார். அதை மஜீத் காக்கா தமிழில் சொல்லவில்லை.

செம்பி அந்தப் பந்தயத்தில் இல்லை என்று ஆயிற்று. அடுத்த வருடமும் இல்லை, கண்ணை மறைத்ததால் மச்சான் வேறு குதிரையும் கொண்டுவர முடியாது. தூரம் மட்டும் அப்படியே இருந்தது. மற்றக் குதிரைகளுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறதே, அவர்கள் ஏன் குறைக்க வேண்டும்?

மச்சான் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். “உமக்கு நான் என்ன குறை வைச்சனான்?” என்றார். பதிலுக்கு நிற்காமல் செம்பியைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டிலிருந்து இறங்கிப் போனார். கூட்டத்தில் யாரோ, “இந்தியாக்காரன் வேலை” என்றார்கள். அது அவரைச் சொன்னதா என்னைச் சொன்னதா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பார்க்க நான் போயிருக்கக் கூடாது. போனேன். கஜன் சனத்தோடு சனமாக நின்றான். அவன் பக்கத்தில் போய் நின்றேன், அவன் நகரவில்லை. குதிரைகள் கிளம்பின. கொடிக்குக் கிட்டே வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாக் குதிரையும் ஒன்றின்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல, சுற்றித் திரும்பி வந்தன. ஒன்றுகூடக் கல்லில் கால் வைக்கவில்லை. குணபாலவின் குதிரை வென்றது. சனம் துண்டுகளை வீசியது.

“பாத்தீங்களே மாமா” என்றான் கஜன். “ஒண்டும் நடக்கேல்லை.” திரும்பிப் போய்விட்டான்.

செம்பி ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

நான் கிளம்பும்போது மல்லிகாக்கா மட்டும் சோறு போட்டார். கீரி மீன் பொரியல், பருப்பு. மச்சான் உள்ளே இருந்தார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: “தங்கச்சிக்கு அண்ணன் இல்லையெண்டு சொல்லும்.” அவருக்குக் கேட்கட்டும் என்று, சரி மச்சான் என்றேன். வேறென்ன சொல்வது? சாப்பாட்டை முடித்தேன். மல்லிகாக்காவுக்கு முன்னால் மிச்சம் வைக்க மனமில்லை.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதைப் புஷ்பத்திடம் அப்படியே சொன்னேன். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண் தெரியாத குதிரை என்று ஊரெல்லாம் தெரிந்த பிறகு, அதன் மேல் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்? செம்பியை விற்று லொறியில் ஏற்றிவிட்டதாக மல்லிகாக்கா ஒருநாள் போனில் சொன்னார். எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மச்சான் திரும்பவும் மூட்டை சுமக்கப் போகிறார்.

புஷ்பம் ஞாயிறுதோறும் அண்ணன் நம்பருக்கு அடிப்பாள். மணி அடித்து ஓயும். நேற்று எடுத்தார்கள். கஜன். “அப்பா இல்லை மாமி” என்றான். அவன் பேசும்போதே பின்னால் ஒரு ஆள் இருமினார், நெஞ்சுக்குள்ளிருந்து, இரண்டு மூன்று தரம். எனக்கும் கேட்டது.

புஷ்பம் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. இருமல் நிற்கும் வரை கேட்டாள். பிறகு கஜனிடம், “கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கச் சொல்லு, அம்மாட்டச் சொல்லு” என்றாள். அவன், ஓம் மாமி என்றான்.

ஆவணி மாதம், முதல் திங்கட்கிழமை.